ஆறு கிலோ

"நாப்பத்தெட்டுதான் அண்ணி. கல்லை மாத்திப் போட்டும் பாத்துட்டேன்," என்றான் மண்டியில் எடை போடும் வைத்திலிங்கம்.

நெல் மண்டித் தராசின் தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரிகிருஷ்ணன் இறங்கினான். போன மாதம் இதே தட்டில் ஐம்பத்திரண்டு.

"தராசு சரியா இருக்கா தம்பி?" என்றாள் அவன் மனைவி அன்னக்கிளி.

"மூட்டைக்குச் சரியா இருக்கிற தராசு மனுசனுக்கு மட்டும் பொய் சொல்லுமா?"

அரிகிருஷ்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினோரு வருஷம் சைகோனில் இருந்தவன். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருஷம் திரும்பி வந்தான். அரிசிச் சோறு இல்லாமல் இருந்துவிடுவான். காலையில் ரொட்டி இல்லாமல் முடியாது. இரண்டு வருஷமாக வயிற்றுப்போக்கு. செய்யாத வைத்தியம் இல்லை. கடைசியில் பாரீசில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர்தான் நோயைக் கண்டுபிடித்தார்.

"பிரெஞ்சுல மலதி செலியாக்னு பேரு. கோதுமை உன் குடலுக்கு ஆகாது. ரொட்டி, ரவை, மாவு, எதுவும் கூடாது. ஆயுசுக்கும். மூணு மாசம் கழிச்சு வந்து காட்டு."

ரொட்டியை நிறுத்திய பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் உடம்பு கரைய ஆரம்பித்தது.

மண்டியிலிருந்து சாரத்தில் இருந்த வீட்டுக்கு நடந்து வரும்போது அரிகிருஷ்ணன் தன் மணிக்கட்டை மறு கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். இப்போதெல்லாம் அதுதான் அவன் வேலை.

"நாலு கிலோ, கிளி. டாக்டருக்கே தெரியாம வேற ஏதோ இருக்குது உள்ள. எதிர்வீட்டு ராமலிங்கம் இப்பிடித்தான் கரைஞ்சு கரைஞ்சு போய்ச் சேந்தாரு."

"வாயைக் கழுவுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போவலாம்."

"மூணு மாசம்னுதான சொன்னாரு? முன்னாடியே போனா, இது வேற சீக்குன்னு சொல்லிடுவாரு. வேணாம்."

பட்டாளத்தில் குண்டுக்குப் பயப்படாதவன் டாக்டர் வாய்க்குப் பயந்தான்.

அன்னக்கிளி அன்று முழுக்க யோசித்தாள். ரொட்டி மாவில் கள்ளை ஊற்றிப் புளிக்க வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கெடுதல் அந்தக் கள்ளில்தான் இருக்க வேண்டும். கோதுமை என்ன பாவம் செய்தது? வடக்கத்தியான் அதைத் தின்றுதானே அவ்வளவு உயரம் வளர்கிறான்? இந்த மனிதனும் பதினோரு வருஷம் அதைத் தின்றுதானே துப்பாக்கி தூக்கினான்? டாக்டர் சொன்னதற்காகச் சத்தை நிறுத்திவிட்டு, ஆளைப் பறிகொடுப்பதா?

மறுநாள் கோதுமை வாங்கிக் கழுவிக் காய வைத்தாள். அவன் வெளியே போயிருந்த நேரத்தில் எந்திரத்தில் அரைத்தாள். கேழ்வரகுக் கஞ்சியில் இரண்டு கை போட்டுக் காய்ச்சினாள். கஞ்சியின் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா, இன்னிக்குக் கஞ்சி கெட்டியா இருக்குது?"

"குடிங்க. கேள்வி கேட்டா ஒடம்பு தேறாது."

அடுத்த மாதம் தராசு ஐம்பத்தொன்று காட்டியது. அதற்கடுத்த மாதம் ஐம்பத்து நான்கு.

"அண்ணி, இப்பிடியே போனா அண்ணனுக்குக் கல்லுக்கு நான் எங்க போறது? பக்கத்து மண்டியில கடன் வாங்கணும்," என்றான் வைத்திலிங்கம்.

அரிகிருஷ்ணன் முகம் நிறைந்துவிட்டது. கால் செருப்புப் பத்தவில்லை; வாரை ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பதை விட்டான். வயிறு மட்டும் மறுபடி கொஞ்சம் இளகியது.

"ரெண்டு தடவ எழுந்து போனேன் கிளி, விடியறதுக்குள்ள."

"நெறைய தின்னா நெறைய போவத்தான் செய்யும். தின்னாம கெடந்தப்ப எங்கருந்து போவும்?"

அவன் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது. டாக்டர் 'நல்லாயிட்டான்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் டாக்டர் எதிரிலேயே சொல்லிவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை இருவரும் போனார்கள்.

"அம்பத்தி நாலு, டாக்டர். எறங்கின எடத்துலேருந்து ஆறு கிலோ," என்றான் அரிகிருஷ்ணன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழி எழும்பவில்லை.

"இது சதையில்ல மொசியே, நீர்," என்றார் டாக்டர். "மொதல்ல நீ வந்தப்பவும் இப்பிடித்தான் ஒடம்பெல்லாம் நீர் கட்டியிருந்துச்சு. கோதுமையை நிறுத்தினதும் எடை குறைஞ்சிருக்கணுமே?"

"நாலு கிலோ போச்சுங்க. பயந்தே போயிட்டோம்."

"அது கெட்ட நீர் வடிஞ்சது. குடல் ஆற ஆரம்பிச்சதுக்கு அதுதான் அடையாளம். அப்புறம்தான் நெஜமாவே சதை பிடிக்கும். இதை அன்னிக்கே உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாம விட்டது என் தப்பு." அவர் அந்தக் குழியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். "இப்ப குடல் முன்னைவிட மோசமா புண்ணாயிருக்கும். ஒரு நாள், ரெண்டு நாள் தின்னதுல வந்ததில்ல இது. தெனமும் உள்ள போயிருக்கு. மறைக்காம சொல்லு, கோதுமையை எங்க சாப்பிட்டே?"

அன்னக்கிளி குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தியமா இல்லீங்க டாக்டர்," என்று அரிகிருஷ்ணன் அவளைக் கை காட்டினான். "மூணு மாசமா இவ கையால குடுத்ததைத் தவிர வேற எதையும் நான் வாயில வெக்கல."