கல்தாமரையின் கழுத்து

கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, செடியின் கழுத்தில் வைத்தாள்.

“ஐயையோ, உசுரோட இருக்கற செடிய அறுக்கறாளே!” என்றாள் நாத்தனார் குணவதி, வாசற்படியில் நின்றபடி.

மருமகள் திரும்பவில்லை.

ஏற்காட்டு நர்சரியில் ஆசையாக வாங்கிய செடி. தடித்த இலைகள், அடுக்கடுக்காக, விரிந்த ரோஜாவைப் போல. நர்சரிக்காரர் எச்சிவேரியா என்றார். வீட்டில் கல்தாமரை என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு வேண்டியதெல்லாம் வெயிலும் கொஞ்சம் மறதியும். தண்ணீர் ஊற்ற மறந்தால் கொழுக்கும். இப்படி ஒரு செடியைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அவளுக்குக் கைராசி இல்லை. இந்த வீட்டில் அப்படித்தான் பேச்சு. வந்த வருடமே கறிவேப்பிலைக் கன்று கருகியது. அப்புறம் துளசியும் பட்டுப்போனது. கொழுந்தன் கல்யாணத்தில் முளைப்பாலிகைக்கு நவதானியம் தெளிக்க வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். விதை முளைக்காவிட்டால் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாதாம். இவளை மட்டும் காபி போட அனுப்பினார்கள்.

காபி அருமை என்று எல்லோரும் சொன்னார்கள்.

குணவதியின் கையோ ஊரறிந்த கை. கொய்யா தின்று விதையைத் துப்பினாலும் மரமாகும். இவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பாவம் காய்கிறதே என்று தினமும் அரிசி கழுவின தண்ணீரைச் செடியின் நடு அடுக்கிலேயே ஊற்றியது அந்தக் கைதான். அன்பாகத்தான் ஊற்றினாள். அதுதான் கொடுமை.

திரும்பி வந்தபோது கீழ் இலைகள் ஊறி வெளிறிப்போய், தொட்டதும் கழன்றன. அழுகல் ஏறாத இடத்தில் தலையை அறுத்தெடுத்தால்தான் பிழைக்கும்.

இதுவும் போனால், அடுத்த மாதம் குணவதி மகள் கல்யாணத்திலும் அடுப்படிதான்.

முதல் வெட்டு. தண்டின் நடுவில் கறுப்பு.

இன்னும் மேலே வெட்டினாள். கறுப்பு.

கத்தியை மீண்டும் நெருப்பில் காட்டினாள். இன்னும் சில இலைகளை உரித்துவிட்டு வெட்டினாள்.

பழுப்பாக ஒரு புள்ளி.

இனி வெட்டத் தண்டே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பூப்போன்ற இலையடுக்கு மட்டும்தான் மிச்சம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிசாக ஒரு சீவல்.

பச்சை.

சுத்தமான, ஈரமான பச்சை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தத் தலையை ஒரு காலி டம்ளரின் வாயில் உட்காரவைத்து, மொட்டைமாடி நிழலில் வைத்தாள். மண் இல்லை. தண்ணீர் இல்லை. வெட்டுவாயில் ஈரம் பட்டால் மறுபடி அழுகும். குணவதி செம்பும் கையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மனசு கேட்கவில்லை அவளுக்கு.

“தொடாதீங்க அண்ணி.”

இந்த வீட்டில் அவள் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை.

பூ சுருங்கியது. இன்னும் சுருங்கியது. ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

பாலிகை தெளிக்கும் நாள் வந்துவிட்டது. காலையில் மாடிக்குப் போய்ப் பூவைத் தூக்கிப் பார்த்தாள்.

வேர்.

நூல் நூலாக, இளஞ்சிவப்பாக, டம்ளருக்குள் இறங்கியிருந்தது.

கல்யாண வீடு என்பதே மறந்துபோயிற்று. மணலையும் செம்மண்ணையும் கையாலேயே பிசைந்து தொட்டியில் நிரப்பினாள். பூவை எடுத்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது.

குணவதி. பட்டுப்புடவை. கையில் நனைத்த நவதானியக் கிண்ணம்.

அவள் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஊத்திக் கொன்னேன். நீ அறுத்துப் பொழைக்க வெச்சிருக்க, கண்ணு.”

கீழே பெண்கள் கூப்பிடுவது கேட்டது. குணவதி கிண்ணத்தை நீட்டினாள்.

“மொதக் கை உன்னுதா இருக்கட்டும்.”

அவள் பூவைத் தொட்டியில் வைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். அவசரப்படவில்லை. பிறகு எழுந்தாள்.

விரலிடுக்கெல்லாம் செம்மண்.

கழுவிவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. கழுவிவிட்டு வா என்று குணவதியும் சொல்லவில்லை.

அப்படியே கிண்ணத்திலிருந்து ஒரு பிடி தானியம் அள்ளிக்கொண்டு, குணவதிக்கு முன்னால் படியிறங்கினாள்.