கல்லறைப் பொம்மைக்கு லீவு

எகிப்தில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன அதிகாரிக்கு மறுமையில் வயல்வேலை வந்தால் அவருக்குப் பதிலாகப் போய்ச் செய்யட்டும் என்று, அந்தக் காலத்தில் மண்வெட்டி பிடித்த களிமண் பொம்மைகளைக் கூடவே புதைத்திருந்தார்கள். மணல் தள்ளும் பிரஷ் ஒரு பொம்மையின் முகத்தில் பட்டது.

"இதோ வந்துட்டேங்க," என்றது பொம்மை.

காலையிலிருந்து இது நாற்பதாவது பொம்மை. எல்லாம் இதையேதான் சொல்லின.

"யாரும் கூப்பிடலை," என்றது பிரஷ்.

"கூப்பிட்டா உடனே ஓடணுமே. மூவாயிரம் வருஷமா கண்ணை மூடலை. எஜமான் எங்கே?"

எஜமானைப் போன வருஷமே நகரத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்று. அவருக்கு வயலும் இல்லை, வேலையும் இல்லை. முதலில் கிடைத்த பொம்மைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி, அவை முழிப்பதைப் பார்த்துப் பார்த்து, பிரஷ் ஓய்ந்துபோயிருந்தது.

"இன்னிக்கு லீவுன்னு ஐயா சொல்லியனுப்பினார். மண்வெட்டியைக் கீழே வெச்சுட்டுப் படு."

பொம்மை விரல்களைப் பிரிக்கப் பார்த்தது. முடியவில்லை. கையையும் மண்வெட்டியையும் ஒரே களிமண்ணில் பிடித்து, சேர்த்தே சுட்டிருந்தார்கள்.

"பரவாயில்லைங்க," என்றது பொம்மை. "பிடிச்சுக்கிட்டே படுத்துக்கறேன்."