ஆட்டுக்காலில் நடந்தவர்

மனித குலம் நடக்கத் தொடங்கியதே ஒரு பெரும் பிழை. அந்தப் பிழையைப் பூவானிப்பட்டியில் லோகேஷ்தான் திருத்தினார்.

ஊராரின் தொந்தியைக் குறைக்க, அரசாங்கம் எல்லார் கையிலும் நடையையும் நாடியையும் கணக்கெடுக்கும் ஒரு பட்டை கட்டியிருந்தது. வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் தினமும் நடந்து பட்டை பச்சையானால்தான் ரேஷன் அரிசி. லோகேஷ் தன் பட்டையை வெள்ளாட்டின் காலில் கட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கண்மாய்க் கரையில் வியர்க்க வியர்க்க நடந்தவர்களைப் பார்த்து, "யாருய்யா உங்களைத் தொரத்துறா?" என்று சிரித்தார்.

தனக்காக உழைக்கிற ஜீவனாயிற்றே என்று ஆட்டுக்கு வேளை தவறாமல் கடலைப் புண்ணாக்கு வைத்தார். ஆடு கொழுத்தது. பிறகு படுத்துவிட்டது. பட்டை சிவப்பானது.

"இனிமே நீங்களே கட்டிக்கிட்டு நடங்க," என்றாள் மனைவி நர்மதா.

கட்டினார். பட்டை கூச்சல் போட்டது. இத்தனை மாதம் பழகிய நாடித்துடிப்பைத் தவிர வேறு எதையும் அது ஏற்கவில்லை.

"அப்ப அரசாங்கத்துக்கு இந்த ஆடுதான் என் புருசனா?" நர்மதா சிரிக்கவில்லை. காலி அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "நாளைக்குக் கடை தெறக்கிறான். புள்ளைங்களுக்கு என்னத்தப் போட?"

பட்டையை மறுபடி ஆட்டின் காலிலேயே கட்டி இழுத்தார், அசையவில்லை. தள்ளினார், கத்தியது. அகத்திக் குழையை அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டியபடி நகர்ந்தபோதுதான் எழுந்து பின்னாலேயே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

வெயில் தாழ்ந்ததும், கண்மாய்க் கரையில் நடப்பவர்களுக்கு நடுவே லோகேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மூச்சு வாங்க எட்டி நடந்தார்.