பழைய முதுகை மறக்கும் மரம்

உட்காருபவரின் முதுகுக்கேற்ப வளைந்துகொடுக்கும் உயிருள்ள மரத்தில் நாற்காலி வடிவமைத்தவள் நிறைமதி. ஆள் மாறினால் மரம் பழைய முதுகை மறந்துவிடும். நாற்காலியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் நாற்காலி கணவன் செழியனுக்கு. அவன் இடப்பக்கம் சாய்ந்தே உட்காருவான்; மரமும் அங்கே குழிந்திருந்தது.

அவன் இறந்ததும் துக்கம் கேட்க வந்தவர்கள் மாறி மாறி அதில்தான் உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் யாரை எழுந்திருக்கச் சொல்வது? நிறைமதி சுவரோரம் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்து எல்லோரும் போனபின் நாற்காலியைத் தடவினாள். குழி இல்லை.

அலுவலகத்தில் நாற்காலிச் சோதனைகளைக் கவனிக்கும் ஜெபராஜ் போன் செய்தான். ஆறுதல் சொல்லிவிட்டுத் தயங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வீட்ல இருக்கிற நாற்காலி எப்படி இருக்கு?"

"நல்லா வேலை செய்யுது," என்றாள்.