வீட்டாருக்கு ஒரு நகல்

அட்டை திரும்பி வந்துவிட்டது.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து: ச. தவசி. தேதி, நேற்று முன்தினம்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த இலவசச் சட்ட உதவி மையத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். அட்டை வந்தால் ஒரு வேலை முடிந்த மாதிரி.

கோப்பைத் திறந்தாள். உள்ளே இருந்த மனுவோடு அட்டையைச் சேர்த்துக் குத்தப்போனாள்.

மூன்றாவது வரியில் கண் நின்றது.

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஆபீசில் ஒரு முறை உண்டு. பாதுகாப்பு கேட்டு எஸ்.பி.க்கு மனு போகும். அதன் நகல் ஒன்று பெண் வீட்டாருக்கும் போகும். போலீசுக்குத் தெரியும் என்று தெரிந்தால் கை வைக்க யோசிப்பார்கள் என்பது மையத்தை நடத்தும் எஸ்தர் வக்கீலின் கட்சி. எஸ்.பி.க்குப் போகிற தாளிலும் கோப்பில் வைக்கிற தாளிலும் அவர்கள் தங்கியிருக்கும் வீட்டு விலாசம் இருக்கும். வீட்டாருக்குப் போகிற தாளில் ஆபீஸ் விலாசம் இருக்கும். மற்றபடி ஒரு எழுத்து மாறாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான்.

கோப்பில் இருந்த தாளில் ஆபீஸ் விலாசம் இருந்தது.

அப்படியென்றால் பெண்ணின் அப்பா தவசியின் கைக்குப் போனது வீட்டு விலாசம் இருந்த தாள்.

அன்றைக்கு எட்டு மனு. கவர் ஒட்டும்போது எஸ்தர் வக்கீல் ஏதோ கோர்ட் கதை சொல்ல, இவள் சிரித்துக்கொண்டே பசை தடவினாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுகந்திக்கு இருபது வயசு. ஜெபராஜுக்கு இருபத்துமூன்று. பத்து நாளைக்கு முன்னால் இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். போனை அணைத்து வையுங்கள் என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் போடுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம் என்றாள். சொன்னபடி கேட்கிற பிள்ளைகள்.

இப்போது காலை பதினொன்றேகால்.

கூப்பிட்டாள். அணைத்திருந்தது. இன்னொன்றும் அப்படியே. அணைத்துத்தான் இருக்கும் என்று தெரிந்தே மறுபடி கூப்பிட்டாள்.

எஸ்தர் வக்கீல் கோர்ட்டில் இருந்தார். எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு அடித்தாள். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றது ஒரு குரல்.

உள்ளே மாலிக் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே போய் விசாரித்து வருகிற வேலை அவருடையது. தாளையும் அட்டையையும் அவரிடம் நீட்டினாள்.

படித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பிள்ளைகள் தங்கியிருக்கும் பாரதி நகருக்கு இருபத்தைந்து நிமிஷம். ரயில்வே கேட் போட்டிருந்தால் அதற்கும் மேலே.

அவள் தனியாக இருந்தாள்.

முழுசாக இரண்டு நாள். ஏதாவது நடந்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது.

“வக்கீல் ஆபீசுங்களா தாயி?”

வயசான குரல். மரியாதையான குரல். பின்னால் ஒரு வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

“நான் சுகந்தியோட அப்பன். நீங்க அனுப்புன காயிதம் வந்துச்சு. அதுல பதினாறாம் நம்பர்னு போட்டிருக்கு. வந்து பாத்தா ஒரு தையக்காரரு இருக்காரு. இது பழைய நம்பருங்களா, புது நம்பருங்களா?”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

பழைய நம்பர். தையல்கடைக்கு நாலு வீடு தள்ளி, மாடி. இவளேதான் வீட்டைப் பார்த்துப் பேசி அமர்த்திக் கொடுத்தாள்.

தெரியாது என்றால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். போனை வைத்தாலும் அதேதான். மாலிக் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்.

“அவங்க அங்க இல்லைங்கய்யா,” என்றாள். குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே அதிசயம். “கையெழுத்துப் போட ரெண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தேன். இங்கதான் உக்காந்திருக்காங்க. ஆபீசுக்கு வாங்க.”

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ என்னவோ சொன்னார்கள். வண்டியின் கதவு சாத்துகிற சத்தம்.

“அப்படியே இருக்கச் சொல்லுங்க தாயி. பிள்ளைய ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்.”

“எத்தன பேருங்கய்யா வர்றீங்க?”

“ஆறு பேரு.”

மாலிக்குக்குச் செய்தி அனுப்பினாள். அவர்கள் இங்கே வருகிறார்கள். பிள்ளைகளை உடனே ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏற்றுங்கள். நீங்களும் கூடவே போங்கள். ஆபீசுக்கு வர வேண்டாம்.

வண்டியை நிறுத்தினால்தான் அவர் அதைப் பார்ப்பார்.

ஆபீசைப் பூட்டிக்கொண்டு அவளும் இறங்கிவிடலாம். பூட்டைப் பார்த்தால் அவர்கள் நேரே பாரதி நகருக்குத் திரும்புவார்கள். இங்கே இவள் எவ்வளவு நேரம் பேசி உட்காரவைக்கிறாளோ, அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்தாள்.

சுவரோரம் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து மேசைக்கு முன்னால் போட்டாள்.

ஐந்துதான் இருந்தன.

மேசைக்குப் பின்னால் போய்த் தன்னுடையதையும் தூக்கிவந்து அந்த வரிசையில் போட்டாள்.