புல்தரையில் யோசிக்கக் கூடாது

“இன்னிக்கு அவரக் கேட்டுடப் போறேம்மா.”

“வேணாம் மதி. கேட்டா, அப்பால இந்த வூட்டுப் பக்கமே வரமாட்டாரு.”

“வராட்டி போவட்டும். இப்பிடி டெய்லி வந்து குந்திகினு போறதுக்கு அதுவே மேலு.”

காலையில் அம்மா கெங்கம்மாவோடு நடந்த இந்தப் பேச்சு, மாலையில் விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போதும் மதியின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வரப்போகும் ஆளை நினைத்தால், இந்த நாற்றம் எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு ஜானட் வழிமறித்தாள். “இன்னா மதி, உங்க வூட்ல டெய்லி டென்னிஸ் கமெண்ட்ரி கேக்குது? பி.டி. மாஸ்டர் வூட்ல டிவி இல்லியா?”

“டிவி கீதுக்கா. டீ போடத்தான் ஆளு இல்ல.”

சுருக்கென்று சொல்லிவிட்டு ஏறினாள். ஜானட்டின் சிரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

மாஸ்டர் பகலவன், மனைவியை இழந்தவர். அவர் விளையாட்டு சொல்லித்தரும் பள்ளியில்தான் கெங்கம்மாவுக்குச் சத்துணவுச் சமையல் வேலை. மூன்று வருடமாக, மாலையானால் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்துவிடுவார். சீசனுக்குத் தகுந்தபடி கிரிக்கெட், கால்பந்து, கபடி. இப்போது விம்பிள்டன்.

அப்பா இல்லாத வீடு. தெரு என்ன பேசும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? மதிக்கு அடுத்த மாதம் ஓசூரில் வேலை. அப்புறம் இந்த வீட்டில் அம்மா தனியாள். அதற்குள் இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் அவருடைய நாற்காலியைத் துடைத்து, வழக்கம்போலக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். அங்கே உட்கார்ந்தால் டிவி ஒருக்களித்துத்தான் தெரியும். சமையற்கட்டு வாசல்தான் நேரே.

பகலவன் வந்தார். டிவியைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“திங்கக்கிழமை முதல் ஆட்டம் மதி! ஸ்பெயின்காரனுக்குக் கைவித்தை ஜாஸ்தி. இத்தாலிக்காரன் அடிச்சா இடி. செர்பியாக்காரர் இருக்காரே, வயசாச்சேன்னு லேசா எடை போட்டுடக் கூடாது. கோப்பை இவங்க மூணு பேரத் தாண்டிப் போகாது.”

மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். சட்டையெல்லாம் ஓமப்பொடித் தூள். மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“புல்தரையில யோசிச்சுக்கிட்டே நிக்கக் கூடாது மதி. பந்து எழும்பாது. நாமதான் முன்னால போய்க் குனிஞ்சு எடுத்துடணும். பின்னாலயே நின்னா முதல் வாரமே மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

சொல்கிற வாயைப் பார் என்று நினைத்தாள்.

கெங்கம்மா டீயோடு வந்து நின்றாள். திரையில் தெரிந்த பழைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், எல்லாரும் வெள்ளையே உடுத்திகினு கீறாங்க?” என்றாள்.

“அங்க அதுதாம்மா சட்டம். இங்கல்லாம் அப்படி ஒண்ணும்...”

பகலவன் நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார். ஊதினார், ஒரு வாய் உறிஞ்சினார். மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“ஆனா அந்த இத்தாலிக்காரன் சர்வீஸ் இருக்கே...” என்றார் பகலவன்.

சீ! மதி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“மதீ...” கெங்கம்மா அவள் கையைப் பிடித்தாள். “சொன்னா கேளு. வேணாம்.”

“நீ சும்மா இரும்மா. சார், ரொம்ப நாளா ஒண்ணு நெஞ்சுலயே வெச்சுகினு கீறேன். இன்னிக்குக் கேட்டே ஆவணும்.”

பகலவனின் முகம் வெளுத்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மடியிலிருந்த மிக்சர் தரையெங்கும் சிதறியது.

“நீ கேக்கவே வேணாம் மதி. தெருவுல பேசறது என் காதுலயும் விழுது. உங்களுக்கு என்னால கெட்ட பேரு வேணாம். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

கெங்கம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். பகலவன் குனிந்த தலையோடு செருப்பைத் தேடினார்.

மதி வாசலுக்குக் குறுக்கே போய் நின்றாள். நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“எங்கம்மாவ எப்ப சார் பொண்ணு கேக்கப் போறீங்க?”