முதல் மார்க்

தலைமை அலுவலகத்து மனிதவளத் துறையிலிருந்து வந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் கேஷியர் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து வருடமாக அந்த வங்கிக் கிளையின் மொத்த வரிசையையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் அவளுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. கடன் பிரிவில் உட்கார்ந்தபடியே குறட்டை விடும் தூங்குமூஞ்சிக்குத் தொண்ணூற்றெட்டு. போதாக்குறைக்குத் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு வேறு!

பட்டியலோடு மேலாளர் அறைக்குள் புகுந்தாள்.

"மார்க் போட்டது நீங்கதானே சார்? 'வேலை நேரத்தில் கண்மூடி மன அமைதி பேணுகிறாரா'ன்னு ஒரு கேள்வி. அதுல அவனுக்குப் பத்துக்குப் பத்து, எனக்கு முட்டையா?"

"நீங்க கண்ணை மூடி நான் பாத்ததே இல்லையேம்மா."

"மூடினா வரிசையில நிக்கிறவங்க சும்மா விடுவாங்களா?"

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"முதல் மார்க் வாங்குறவங்களை மேல தூக்கிடுவாங்கம்மா. உங்களைத் தூக்கினா கிளையை இழுத்து மூட வேண்டியதுதான். அவன் போனா, பிடிச்ச சனி விட்டுதுன்னு நிம்மதியா இருக்கலாம்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதி, கையிலிருந்த தாள் மேல் திரும்பியது.

"அது சரி, இப்படிக் கூறுகெட்ட கேள்வியெல்லாம் எந்த மடையன் சார் உக்காந்து எழுதுறான்?"

"கீழே கையெழுத்தைப் பாருங்க."

பார்த்தாள். மனிதவளத் துறைத் தலைவர். நாலு வருடத்துக்கு முன்பு அதே கடன் பிரிவில், அதே நாற்காலியில், நாளெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஆசாமி.

மேலாளர் தலையைச் சொறிந்தார்.

"அவருக்கும் நான்தாம்மா முதல் மார்க் போட்டேன்."